நம் குவளைச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024-25

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். செயலாளர் அறிக்கை என்றால் எத்தனை கூட்டம் நடந்தது, யார் தலைமை தாங்கினார் என்று வாசித்துவிட்டு உட்காருவதுதான் வழக்கம். கூட்டங்கள் மாதாமாதம் நடந்தன, மே மாதம் மட்டும் கிடையாது. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் மத்தியானம் மூன்று மணிக்கு வெளியே வாருங்கள் என்று கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஊர் ஊராகக் குவளை சேர்ப்பவர்கள் கூடிய நம் சங்கத்தை இந்த ஆண்டு முழுக்க ஆட்டிவைத்தது ஒரே சண்டை: போகாத ஊரின் குவளையை அலமாரியில் வைக்கலாமா, கூடாதா?

பொங்கல் விடுமுறையில் காந்தி நகரில் நாம் வைத்த கண்காட்சியில்தான் இது வெடித்தது. சங்கம் ஆரம்பித்தபோது எழுதிய விதிப்படி உறுப்பினர் தாமே போன ஊரில் தாமே வாங்கிய குவளைதான் காட்சிக்கு வரவேண்டும். ஆஸ்பத்திரிப் பக்கம் லாட்ஜ் நடத்தும் நம் அண்ணன் திருப்பதியைத் தாண்டிப் போனவர் இல்லை, அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அப்படிப்பட்டவர் அன்றைக்கு இரண்டு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். பொம்மை ரயில் போட்ட டார்ஜிலிங் மக், கௌஹாத்தி, ஷில்லாங், அகர்தலா, டாக்கா, அப்புறம் விஷ்ணுபூர் சுடுமண் கப் ஒன்று. மேஜையில் இடம் போதாமல் ஜன்னல் திண்டிலும் வைத்தோம்.

இவை எப்படி வந்தன என்பது வேலூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1900இல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியம் இன்றைக்கு சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியாக நிற்கிறது, அதைச் சுற்றிய தெருக்களில் கடைப் பலகையே வங்காளத்தில் எழுதியிருக்கிறது. வருகிற குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கி, அறையிலேயே சமைத்து, ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்து, பிறகு காட்பாடியில் ரயில் ஏறுகிறார்கள். ஆறு மாதம் கழித்து மறு பரிசோதனைக்கு வரும்போது லாட்ஜ்காரர் கப் சேர்க்கிறார் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துவருகிறார்கள். அந்த டார்ஜிலிங் மக்கைக் கொடுத்தது இதய வால்வு ஆபரேஷனுக்கு வந்த ஒரு பெண், முதல் தடவை மாடியேற முடியாமல் கீழ் அறை கேட்டவராம், இரண்டாம் தடவை இரண்டாவது மாடி வரைக்கும் தானே ஏறிவந்து கொடுத்தாராம். அண்ணன் இதைச் சொல்லி முடிக்கும் முன்னேயே நம் மூத்த உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டு, "இதெல்லாம் சேகரிப்பு இல்லை தம்பி, சீர்வரிசை" என்றார். அவ்வளவுதான், அன்றைக்குச் செய்த வடை ஆறிப்போனது.

மூத்தவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இணையத்தில் ஆர்டர் போட்டால் எந்த ஊர் மக்கும் மூன்றாம் நாள் வாசலுக்கு வந்துவிடுகிறது, அப்புறம் ஊருக்குப் போவானேன் என்று கேட்கிறார். ஸ்டார்பக்ஸ் காபிக்கடை 2013இல் கொண்டுவந்த 'யூ ஆர் ஹியர்' குவளை வரிசையும், 2018இல் வந்த 'பீன் தேர்' வரிசையும் அந்தந்த ஊரில்தான் வாங்கவேண்டும் என்ற எண்ணத்தில் செய்தவை. இப்போது பெட்டி பிரிக்காமல் மறுவிற்பனைக்குக் கிடைக்கின்றன. இங்கே வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு சியாட்டில் போன நம் இளைஞர் ஒருவரிடம் முதல் வரிசை பாதிக்கு மேல் இருக்கிறது. எல்லாம் ஒரே அளவு, ஒரே கைப்பிடி, படம் மட்டும் வேறு. எனக்கு அவற்றின்மேல் பெரிய ஆசை இல்லை. அவர் சண்டைக்கு வரட்டும், பரவாயில்லை.

ஆனால் அன்றைக்கு மேஜை முழுவதையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தபோது வேறு ஒன்று கண்ணில் பட்டது. நம்மில் சுற்றுலா போனவர் யார்? கிட்டத்தட்ட யாருமே இல்லை. வடாற்காட்டுக்காரன் ஊரைவிட்டு வெளியே போவது தோலுக்காக, ராணுவத்துக்காக, நர்ஸ் வேலைக்காக, இப்போது கம்ப்யூட்டருக்காக. குவளைகளும் அந்த நாலு வழியில்தான் வந்திருக்கின்றன.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமாவின் வரிசையைப் பாருங்கள். பாரிஸ் இல்லை, சுவிட்சர்லாந்து இல்லை. இத்தாலி என்றால் தோல் கண்காட்சிக்காக மிலன், ஜெர்மனி என்றால் செருப்புத் தொழிலுக்குப் பேர்போன பிர்மாசென்ஸ், இங்கிலாந்து என்றால் நார்த்தாம்டன். அந்த நார்த்தாம்டன் ஷூ தைக்கும் ஊர் என்பதால் அங்கத்துக் கால்பந்து அணிக்கே 'கோப்ளர்ஸ்' என்று பட்டப்பெயர். அந்த அணியின் மக் ஆம்பூரில் ஒரு ஷூக்காரர் வீட்டு ஷோகேஸில் இருப்பதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் இருக்குமா என்று தெரியவில்லை. அவரிடம் நியூரம்பர்க் கிறிஸ்துமஸ் சந்தைக் குவளையும் ஒன்று இருக்கிறது. அங்கே மசாலா போட்டுச் சுடவைத்த திராட்சை மதுவைப் பீங்கான் குவளையில் ஊற்றிக் கொடுத்து, குவளைக்கு முன்பணமும் வாங்கிக்கொள்வார்கள். திருப்பிக் கொடுத்தால் காசு வாபஸ், வைத்துக்கொண்டால் குவளை நமக்கு. மாமா மது தொடுவதில்லை. பழரசம் வாங்கிக் குடித்துவிட்டு முன்பணத்தை விட்டுக்கொடுத்துக் குவளையோடு வந்திருக்கிறார்.

கம்மவான்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் நம் சுபேதார் ஐயாவிடம் இருப்பது வேறு ரகம். வெள்ளை எனாமல் மக், ஓரத்தில் சில்லு பெயர்ந்து கருப்பாகத் தெரிகிறது. அதிலேயே டீ, அதிலேயே பருப்பு, அதிலேயே முகச்சவரத்துக்குத் தண்ணீர். லடாக்கில் லே ஊரில் குளிர்காலத்தில் டீயை ஊற்றி நாலு வாய் குடிப்பதற்குள் ஆறிப்போகுமாம். ஓய்வு பெறும் நாளில் படைப்பிரிவு கொடுத்த சின்னம் பொறித்த பீங்கான் மக்கும் இருக்கிறது, அதை அவர் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. கண்காட்சிக்குக் கேட்டபோதும் எனாமலைத்தான் கொண்டுவந்தார்.

பாகாயத்து நர்ஸ் அக்கா மஸ்கட்டில் சில வருஷம், பிறகு இங்கிலாந்தில் பல வருஷம் இருந்தவர். அவர் கொண்டுவந்த மெல்லிய வெள்ளைக் கப்பை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் இருக்கும் விரல் நிழலாடும். எல்லாரும் கையில் வாங்கி வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இதில் மாட்டெலும்புச் சாம்பல் கலந்திருக்கிறது, 1790களில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்டில் ஜோசையா ஸ்போடு பக்குவப்படுத்திய 'போன் சைனா' இதுதான் என்று அக்கா சாதாரணமாகச் சொல்லிவிட்டார். சைவ உறுப்பினர்கள் இருவர் கையில் இருந்ததைப் பூனைக்குட்டியை இறக்குவதுபோல மெதுவாக மேஜையில் வைத்தார்கள். அதில் ஒருவர் வீட்டுக்குப் போய்த் தன் கல்யாண டீ செட்டைத் திருப்பிப் பார்த்து அடியில் அதே எழுத்து இருப்பதைக் கண்டு, மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை என்று கேள்வி.

ஆக, வேலைக்குப் போன இடத்தில் வாங்கியதைத்தான் நாம் பயணக் குவளை என்று வைத்திருக்கிறோம். லாட்ஜ் அண்ணன் வேலை பார்க்கும் இடத்துக்கு ஊர்களே தேடி வருகின்றன. இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டேன், கேட்டதோடு விடாமல் தீர்மானமாகவும் கொண்டுவந்தேன். மார்ச் கூட்டத்தில் பெரும்பான்மையோடு நிறைவேறியது. யாருடைய குவளையும் வைக்கலாம். ஆனால் யார் கொடுத்தது, எதற்காக வந்தார்கள், என்ன நடந்தது என்று ஒரு அட்டையில் எழுதிக் கூடவே வைக்கவேண்டும். அட்டை இல்லாவிட்டால் தானே போய் வாங்கியதும் மேஜை ஏறாது. இந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவரே அந்த மூத்த உறுப்பினர்தான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஜூலையில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் வந்து முடிசூட்டு விழாக் குவளைகளைப் பற்றிப் பேசினார். இதுவரைக்கும் நடந்த பேச்சுகளில் இதுதான் சிறந்தது. இங்கிலாந்தில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா 1902 ஜூன் 26 என்று குறித்து, அந்தத் தேதியைப் போட்டுக் குவளைகள் ஏராளமாகச் செய்துவிட்டார்கள். இரண்டு நாளுக்கு முன் அரசருக்குக் குடல்வால் ஆபரேஷன். விழா ஆகஸ்ட் 9க்குத் தள்ளிப்போனது. தவறான தேதி போட்டவைதான் இன்றைக்கும் அதிகம் கிடைக்கின்றனவாம். எட்டாம் எட்வர்டுக்கு இன்னும் மோசம், 1937 மே 12 என்று அச்சடித்து முடித்தபின் ஆளே 1936 டிசம்பரில் முடி துறந்துவிட்டார், அதே தேதியில் தம்பிக்கு முடிசூட்டினார்கள். இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம், 1896இல் மாஸ்கோ கோடின்கா மைதானத்தில் நடந்ததைச் சொன்னபோது அமைதியாகிவிட்டது. இரண்டாம் நிக்கோலாஸ் முடிசூடியதற்காக ஜனங்களுக்கு ஆளுக்கொரு எனாமல் குவளையும் தின்பண்டமும் இலவசம் என்று அறிவித்தார்கள். பத்தாது, தீர்ந்துவிடும் என்று புரளி கிளம்பி, நெரிசலில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய நமக்கு அது புரியாமல் போகுமா.

ஆகஸ்டில் நம் பக்கத்துக் கரிகிரி கிராமத்துக்குப் போய்வந்தோம். பச்சை, நீலம், பழுப்பு மெருகு போட்ட கரிகிரி மண்ஜாடிகள் ஒரு காலத்தில் நம் பக்கத்து வீடுகளில் சாதாரணம். இப்போது தேடித்தான் வாங்கவேண்டியிருக்கிறது. ராணிப்பேட்டையில் கழிப்பறைப் பீங்கான் செய்யும் பெரிய ஆலையே இருந்த பக்கம் இது, மண்ணும் சூளையும் நமக்குப் புதிதில்லை. அடுத்த வருஷம் பணம் சேர்ந்தால் புதுச்சேரியில் 1971 முதல் இயங்கும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டக் கூடத்துக்கும் போகலாம் என்று யோசனை.

பராமரிப்பு பற்றி நிறையப் பேர் கேட்டதால் சுருக்கமாக: கடையில் ஃபோட்டோ போட்டுத் தருகிற மக் எல்லாம் சப்ளிமேஷன் முறை. சுமார் 180 முதல் 200 டிகிரிச் சூட்டில் மை ஆவியாகிக் குவளையின் மேலிருக்கும் பிளாஸ்டிக் பூச்சுக்குள் இறங்குகிறது. கம்பி நார் போட்டுத் தேய்த்தால் முதலில் பூச்சு போகும், அப்புறம் பேரன் முகம் போகும். படத்தாள் ஒட்டிச் சூளையில் 800 டிகிரி அளவில் சுட்டவை நிற்கும். மெருகில் சிலந்திவலை மாதிரி கீறல் விழுந்த பழைய கப்பில் தினமும் குடிக்காதீர்கள், பார்வைக்கு வையுங்கள். டீக்கறைக்குச் சமையல் சோடா போதும். ஊரிலிருந்து கொண்டுவரும்போது கப்புக்குள்ளே காலுறையைத் திணித்து, கைப்பிடியைச் சுற்றி லுங்கியைக் கட்டி, பெட்டியின் நடுவில் வையுங்கள். உடைவது எப்போதும் கைப்பிடிதான், தனியாகச் செய்து பிறகு ஒட்டிய இடம் அது.

வேலூர்க் குவளை விஷயம் இன்னும் முடியவில்லை. இத்தனை லட்சம் பேர் வந்துபோகிற ஊரில், போகும்போது எடுத்துப்போக ஒரு நல்ல குவளை இல்லை என்று லாட்ஜ் அண்ணன்தான் ஆரம்பித்தார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். என்ன படம் போடுவது என்பதில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. கோட்டையும் அகழியும் என்றார் தலைவர். 1806 சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூண் என்றார் சுபேதார் ஐயா. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய முள்ளுக் கத்திரிக்காய் என்று நான் சொன்னேன், சிரித்தார்கள். சிரிக்கட்டும். கோட்டை நாட்டில் பல ஊரில் இருக்கிறது, காம்பில் முள்ளோடு கூடிய நம் கத்திரிக்காய்க்கு என்ன குறைச்சல்? நடுவில் ஒருவர், "தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்" என்ற பழைய கிண்டலை அச்சடிக்கலாம் என்றார். சத்துவாச்சாரி உறுப்பினர் எழுந்து, ஜலகண்டேஸ்வரர் 1981லேயே எங்கள் ஊரிலிருந்து கோட்டைக்குள் போய்விட்டார், 2021 நவம்பரில் பாலாறு எவ்வளவு தண்ணீரோடு போனது என்று எல்லாரும் பார்த்தோம், மிச்சம் இருப்பது ராஜா ஒருத்தர்தான் என்றார். கடைசியில் ஒரு பக்கம் கோட்டை, மறுபக்கம் கத்திரிக்காய் என்று சமரசமாகி மாதிரி ஒன்று செய்யக் கொடுத்தோம். அச்சுக்கடையில் 'வேலுர்' என்று குறில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். திருத்தி வாங்கியிருக்கிறோம், இன்றைக்கு முன் மேஜையில் இருக்கிறது, பார்த்துக் கருத்து சொல்லுங்கள்.

மற்றபடி: கூரியரில் வந்த மூன்று குவளை உடைந்தது, நஷ்ட ஈடு கேட்டு எழுதிய கடிதத்துக்கு நாளது வரை பதில் இல்லை. கண்காட்சிக்கு இரவல் தந்த, செக் நாட்டு ஊற்றுநீர் ஊரான கார்லோவி வாரியின் கப்பை, அதாவது கைப்பிடியே குழலாக இருந்து அதன் வழியாகவே ஊற்றுநீரை உறிஞ்சிக் குடிக்கும் அந்தத் தட்டைக் கப்பை, யாரோ தவறுதலாக எடுத்துப்போயிருக்கிறார்கள். உரியவர் தினமும் எனக்குப் போன் செய்கிறார். வைத்திருப்பவர் பேர் சொல்லாமல் பொருளாளர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனால் போதும், நாங்கள் எதுவும் கேட்கமாட்டோம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியல் பலகையில் ஒட்டியிருக்கிறது. அட்டை எழுதாத குவளைகளுக்கு அடுத்த மாதக் கடைசிவரை அவகாசம். அடுத்த கூட்டத்திலிருந்து காகிதக் கப் வாங்குவதில்லை என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது, ஆகவே அவரவர் குவளையைக் கையோடு கொண்டுவரவும், கொண்டுவராதவர்களுக்கு டீ கிடையாது.

செயலாளர்