ஃபிளாப்பைக் கழற்றுவதற்கு முன் மேனிஃபோல்டைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் டீசல் கார்களின் ஸ்வர்ல் ஃபிளாப்புகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எஞ்சினின் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிர்ந்து அனுப்பும் இன்லெட் மேனிஃபோல்டில் உள்ள அந்தச் சிறு தகடுகளை வீட்டு முற்றத்திலேயே கழற்றி எறிந்துவிடலாம் என்றும், எந்த டீசல் காருக்கும் அது நன்மையே செய்யும் என்றும், அதற்கு ஒரு பிற்பகல் போதும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. பிரித்தானியாவில் பழைய டீசல் கார்களை வாங்கித் தாமே பழுதுபார்த்து ஓட்டும் தமிழர்கள் ஏராளம். யாழ்ப்பாணத்தில் மோட்டார் பொறிமுறை கற்று, இங்கு வந்த பின் பதினொரு ஆண்டுகள் கராஜில் வேலை செய்த நானும் அவர்களில் ஒருவன். கட்டுரையின் ஒரு பாதியை முழு மனதோடு ஏற்கிறேன். மற்றப் பாதியை நம்பி ஸ்பேனரை எடுப்பவர் காப்பாற்ற நினைத்த எஞ்சினையே கெடுத்துவிடக்கூடும் என்ற கவலையால் இதை எழுதுகிறேன்.

அந்தத் தகடு வேலையில்லாமல் அங்கே வைக்கப்பட்டதன்று. இவ்வகை எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று செல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று காற்றைச் சுழற்றி உள்ளே விடும் வகையில் வளைந்தது. மற்றது காற்றை நிறைய அனுப்புவதற்கானது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்றுகளுக்குக் கீழ், ஃபிளாப் இரண்டாவது வழியை மூடிவிடும். காற்று முழுவதும் வளைந்த வழியாகவே பாய்ந்து சிலிண்டருக்குள் வேகமாகச் சுழல்வதால், தெளிக்கப்படும் டீசல் அதனோடு நன்றாகக் கலந்து எரிகிறது, கரி குறைகிறது. வேகம் கூடியதும் ஃபிளாப் திறந்து இரண்டு வழிகளுக்கும் இடம் விடுகிறது. ஆகவே அதைக் கழற்றினால் இழப்பே இல்லை என்பது சரியன்று. கீழ்ச்சுற்றுகளில் புகை சற்றுக் கூடும். சிக்னலில் நின்று கிளம்பும்போது முன்பிருந்த துடிப்பு ஒரு சாயல் குறையும். பலர் அந்த வேறுபாட்டை உணர்வதில்லை. நான் உணர்ந்தேன்.

அப்படியானால் ஏன் கழற்ற வேண்டும் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்று உண்டு. கட்டுரையாளரோடு நான் உடன்படும் இடமும் அதுவே. 1990களின் இறுதியிலிருந்து பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தயாரித்த நான்கு சிலிண்டர் எம்47, ஆறு சிலிண்டர் எம்57 ஆகிய டீசல் எஞ்சின் குடும்பங்களின் பல வடிவங்களில், ஃபிளாப் என்பது ஒரு மெல்லிய தண்டில் இரண்டு சிறு திருகாணிகளால் பொருத்தப்பட்ட உலோகத் தகடு. எரிந்த புகையில் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வு வழியாகத் திரும்பி வரும் கரியும், எஞ்சினின் அடிப்பகுதிக்கு மூச்சு விடும் குழாயான கிராங்க்கேஸ் பிரீதரிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து கருங்களியாக அதன்மேல் படியும். எஞ்சினின் அதிர்வும் காற்றழுத்தத்தின் துடிப்பும் ஆண்டுக்கணக்கில் அந்தத் தண்டை ஆட்டிக்கொண்டே இருக்கும். தண்டு களைத்து ஒடிந்தாலோ திருகாணி கழன்றாலோ, அந்த உலோகத் துண்டு வால்வைக் கடந்து சிலிண்டருக்குள்தான் போய்ச் சேரும். பிஸ்டனும் வால்வும் சிலிண்டர் ஹெட்டும் நசுங்கும். துண்டு வெளியேறும் வழியில் டர்போவின் சக்கரத்தையும் சிதைத்துவிடக்கூடும். முன்னறிவிப்பாக ஒரு விளக்குக்கூட எரியாது. இத்தகைய அமைப்புள்ள, இரண்டு லட்சம் கிலோமீட்டரைக் கடந்த காரில் அந்தத் தகடுகளை நம்பி நெடுஞ்சாலையில் ஓடுவதைவிட அவற்றை அகற்றுவது அறிவுடைமை என்பதில் எனக்கும் ஐயமில்லை.

ஆனால் எல்லா டீசல் கார்களும் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதைக் கட்டுரை ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பகிர்ந்துகொண்ட 1.9 லீட்டர் பதினாறு வால்வு எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் வாக்ஸ்ஹால் கார்கள் பலவற்றில் இருப்பது அதுவே. அங்கு வழக்கமாகக் கெடுவது தகடு அன்று. தகடுகளை ஒன்றாக இயக்கும் வெளிக் கம்பியின் மூட்டுகள் தேய்ந்து, கம்பி கழன்று விழும். தகடு உள்ளே போகும் அச்சம் அங்கு மிகக் குறைவு என்பதால், அந்தக் கம்பியை மாற்றினாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். வோக்ஸ்வாகனின் 2.0 லீட்டர் காமன் ரெயில் (ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எல்லாச் சிலிண்டர்களுக்கும் டீசல் செல்லும்) டீசலிலோ ஃபிளாப்புகள் பிளாஸ்டிக் மேனிஃபோல்டின் ஓர் அங்கம். அவற்றின் நிலையை ஓர் உணரி கணினிக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கும். பி2015 என்ற பிழைக் குறியீட்டை அந்தக் கார்களை வைத்திருப்போர் பலர் பார்த்திருப்பார்கள். அங்கே தகட்டைக் கழற்றினால் எச்சரிக்கை விளக்கு அணையாது. கணினியின் நிரலையும் மாற்ற வேண்டிவரும். ஃபிளாப் எதனால் ஆனது, எதனால் பொருத்தப்பட்டது, எது அதை இயக்குகிறது, அதன் நிலையைக் கணினி அறிகிறதா என்ற இந்த நான்கையும் தம் எஞ்சினின் பெயர்க்குறியை வைத்து அறிந்துகொள்ளாமல் ஒருவர் கழற்றத் தொடங்கக் கூடாது.

என்னிடம் முன்பிருந்த காரும் உலோகத் தகடு வகையே. அதன் மேனிஃபோல்டை வீட்டு வாசலில் கழற்ற எனக்கு ஒரு பிற்பகல் போதவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. பட்டறையில் பழகிய கைக்கே இவ்வளவு நேரம் என்றால், முதன்முறை செய்பவர் அன்று மாலை காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்று எண்ணக் கூடாது. ஆயில் அளவுகோலின் குழாய், ஈ.ஜி.ஆர். வால்வு, இன்டர்கூலர் ஹோஸ், வயர்களின் கட்டு என்று ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே நட்டுகளுக்குக் கை எட்டியது. காமன் ரெயில் எஞ்சின்களின் எரிபொருள் குழாய்களில் அழுத்தம் 1,000 பாருக்கு, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்குக்கு, மேல் ஏறும் என்பதால், எஞ்சின் ஓடும்போது அவற்றைத் தொடவே கூடாது; நிறுத்திய பிறகும் அழுத்தம் இறங்கப் போதிய நேரம் விட வேண்டும். கட்டுரையில் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

மேனிஃபோல்டு வெளியே வந்ததும் நான் முதலில் செய்தது சிலிண்டர் ஹெட்டில் திறந்து கிடந்த துளைகள் எட்டையும் சுத்தமான துணியால் அடைத்ததுதான். தகடு விழுந்துவிடுமோ என்று பயந்து தொடங்கிய வேலையில், கை நழுவிய ஒரு நட்டு அந்தத் துளைக்குள் விழுந்தால் விளைவு ஒன்றே. பிறகு மேனிஃபோல்டைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு விரல் நுழைய வேண்டிய வழியில் ஒரு விரல்தான் நுழைந்தது. மீதி இடம் முழுவதும் கரி. விரல் நகத்தால் சுரண்டினால் தார் போல ஒட்டிக்கொண்டது. மூன்று தண்டுகள் உறுதியாக இருந்தன; நான்காவது, விரலால் அசைத்தால் சற்று ஆடியது. வேலை முடிந்த பின் கார் மூச்சு விட்டு ஓடியதற்குக் காரணம் தகட்டை எடுத்ததன்று, அந்தக் கரியை எடுத்ததே என்பது என் உறுதியான கருத்து. ஃபிளாப் எடுத்ததும் இழுவை கூடிவிட்டது என்று சொல்பவர்களில் பலர், அதே நாளில் மேனிஃபோல்டைக் கழுவியதை மறந்துவிடுகிறார்கள்.

கழுவுவதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அடுப்பைத் துப்புரவாக்கும் ஸ்பிரேயை இதற்குப் பயன்படுத்தும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அவற்றில் பலவற்றில் காஸ்டிக் சோடா உண்டு. அது கரியோடு சேர்த்து அலுமினியத்தையும் அரிக்கும். மண்ணெண்ணெயோ கிரீஸ் நீக்கும் திரவமோ ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, தூரிகையால் தேய்த்து, நன்றாக உலர்த்துவது மெதுவான வழி, எனினும் பாதுகாப்பானது. பாதி உதிர்ந்த கரித்துண்டோ மிஞ்சிய திரவமோ உள்ளே இருக்க மேனிஃபோல்டை மீண்டும் பூட்டக் கூடாது.

தகட்டை எடுத்த பின் தண்டு இருந்த துளையை என்ன செய்வது என்பதே இந்த வேலையின் உயிர்நாடி. பி.எம்.டபிள்யூ.வின் அந்த எம்47, எம்57 எஞ்சின்களுக்கென்று 22 மில்லிமீட்டர், 33 மில்லிமீட்டர் என இரண்டு அளவுகளில் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் பொருத்திய அலுமினிய அடைப்புகள் விற்கப்படுகின்றன. பிளாங்க் என்று கேட்டால் உதிரிப்பாகக் கடைக்காரருக்குப் புரியும். எந்த அளவு என்பதை மேனிஃபோல்டைக் கழற்றி அளந்த பிறகே வாங்குவது நல்லது. வெற்றிட அழுத்தத்தால் இயங்கும் வகையாயின், ஃபிளாப்பை இயக்கிய ரப்பர் குழாயின் முனையையும் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் அதே வெற்றிடத்தை நம்பியிருக்கும் மற்றப் பாகங்களும் தடுமாறும். என் பெறாமகன் தன் காரை ஒரு கராஜில் கொடுத்து ஃபிளாப்புகளைக் கழற்றுவித்தான். அங்கே துளைகளை வெறும் சீலன்ட் பசையால் நிரப்பி அனுப்பியிருந்தார்கள். டர்போ அழுத்தத்தில் சில வாரங்களுக்குள் ஒரு துளையின் பசை வெளியே தள்ளப்பட்டு, காற்று கசிந்து, கார் கறுப்புப் புகை கக்கத் தொடங்கியது. அவன் என்னிடம் கொண்டுவந்தபோது இன்னொரு துளையின் பசை உட்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் சிலிண்டருக்குள் போகக்கூடிய பொருளே.

நானும் ஒரு பிழை செய்தேன். பார்வைக்கு நன்றாக இருந்ததால் மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே காற்று கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட்டையே மீண்டும் போட்டுப் பூட்டினேன். முதல் நாள் ஓட்டத்திலேயே சீறல் சத்தம் கேட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேனிஃபோல்டு இரண்டாம் முறை கழன்றது. புதிய கேஸ்கெட் வாங்கும் செலவை மிச்சப்படுத்த நினைத்து ஒரு நாளை இழந்தேன். குளிரில் எஞ்சின் கிளம்ப சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளையும் அவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் அதே வேளையில் சோதித்துக்கொள்ளுங்கள். பல எஞ்சின்களில் அவை மேனிஃபோல்டுக்கு அடியில் இருப்பதால் வேறு சமயத்தில் கை எட்டாது. ஆனால் பழைய குளோ பிளக்கை வலிந்து திருகினால் அது ஹெட்டுக்குள்ளேயே முறிந்துபோகும். இறுகியிருந்தால் அன்று விட்டுவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் கட்டுரை மௌனமாக இருந்தது. பிரித்தானியாவில் வீதி வாகனங்களின் கட்டமைப்பும் பாவனையும் பற்றிய 1986ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளில் 61ஏ என்ற விதி, ஒரு வாகனம் எந்தப் புகைத் தரத்துக்கு அமைய வடிவமைக்கப்பட்டதோ அந்தத் தரத்தை அது இழக்கும்படி மாற்றியமைத்து வீதியில் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. காருக்கு 1,000 பவுண்டுகள் வரை அபராதம் உண்டு. வாகனம் வீதிக்குத் தகுதியானதா என்று பார்க்க ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில் தேறிவிட்டேனே என்று இதற்குப் பதில் சொல்ல முடியாது. 2008 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் பதிவான டர்போ டீசலுக்கு புகையின் அடர்த்தியை அளக்கும் அந்தச் சோதனையின் பொதுவான எல்லை 3.0, அதன் பிறகு 2013 இறுதி வரை பதிவானவற்றுக்கு 1.5. எஞ்சினை வேகமாக முடுக்கி அளக்கும் அந்தச் சோதனை, ஃபிளாப் வேலை செய்யும் மெதுவான ஓட்டத்தை அளப்பதேயில்லை. என் கார் ஃபிளாப் இல்லாமல் எளிதாகத் தேறியது. கீழ்ச்சுற்றுகளில் அதன் புகை கூடியிருந்ததை நான் என் கண்ணால் கண்டேன். காப்புறுதி நிறுவனத்துக்கும் இத்தகைய மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். நான் கடிதம் எழுதித் தெரிவித்தேன்.

இவை எல்லாவற்றையும் எடைபோட்டு இன்று நான் மற்றவர்களுக்குச் சொல்வது சற்று மாறியிருக்கிறது. மேனிஃபோல்டைக் கழற்றுங்கள், கழுவுங்கள், ஒவ்வொரு தண்டையும் விரலால் அசைத்துப் பாருங்கள். புதிய ஃபிளாப்போ மேனிஃபோல்டோ நியாயமான விலைக்குக் கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைக்கவில்லை, தண்டும் ஆடுகிறது என்றால் மட்டுமே அகற்றி, முறையான பிளாங்க் இட்டு மூடுங்கள். அப்போதும் மேலே சொன்ன விதியை அறிந்தே அந்த முடிவை எடுங்கள். எங்கள் தெருவில் குழந்தைகள் பள்ளிக்கு நடந்து போகும் நேரத்தில்தான் எல்லோருடைய டீசல் கார்களும் மெதுவாக ஊர்கின்றன. ஃபிளாப் கரியைக் குறைப்பதும் அந்த மெதுவான ஓட்டத்திலேதான். வெறும் வதந்திக்காக ஒருவர் உறுதியான தகட்டைக் கழற்றுவதை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுவே.

கழற்றிய நான்கு ஃபிளாப்புகளையும் எட்டுத் திருகாணிகளையும் எண்ணி ஒரு பையில் கட்டி வைத்திருந்தேன். சென்ற ஆண்டு காரை விற்றபோது அந்தப் பையை வாங்கியவரின் கையில் கொடுத்து, என்ன செய்திருக்கிறேன் என்பதைத் தாளில் எழுதியும் கொடுத்தேன். அவர் இரண்டு நாள் யோசித்து, விலையில் சிறிது குறைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். தங்கள் கட்டுரையாளர் அடுத்து எழுதும்போது எந்தெந்த எஞ்சின் வகைகளுக்கு அவருடைய அறிவுரை பொருந்தும் என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
லெஸ்டர், பிரித்தானியா.