பளபளக் கீச்

நிஷிகசாய், டோக்கியோ
ஞாயிறு காலை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறு எதையும் சொல்லிச் சமாளிக்கப் போவதில்லை. மூட்டுவலிக்குப் பிரண்டைத் துவையல் அரைத்துச் சாப்பிடச் சொல்லியிருந்தாய். இங்கே பிரண்டைக்கு நான் எங்கே போவேன்? எங்கள் தெருமுனை இந்திய மளிகைக்கடையில் முருங்கைக்கீரை வந்தாலே திருவிழா மாதிரி கூட்டம் கூடுகிறது. சரி, அதை விடு.

உன் அக்கா பேரன் காலையில் கண் விழித்ததிலிருந்து "போகிமான், போகிமான்" என்கிறான், அது என்னடி பூதம், உங்கள் ஊர்ச் சரக்குதானே என்று கேட்டிருந்தாய். வாய்விட்டுச் சிரித்தேன். நீ சொன்னது சரிதான், பூதமேதான். 'பாக்கெட் மான்ஸ்டர்' என்பதைத்தான் சுருக்கிப் போகிமான் என்கிறார்கள். சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் பூதம். 1996 பிப்ரவரியில் கேம்பாய் என்ற கையடக்கக் கருவிக்கான விளையாட்டாக வந்தது. உருவாக்கியவர் தஜிரி சதோஷி. டோக்கியோவுக்கு ஓரத்தில் இருக்கும் மச்சிதாவில் வண்டும் பூச்சியும் பிடித்து வளர்ந்தவர். குளத்தையும் வயலையும் தூர்த்து வீடு கட்டிவிட்ட காலத்துப் பிள்ளைகளுக்குப் பூச்சி பிடிக்கிற சுகத்தை எப்படிக் கொடுப்பது என்ற யோசனையில் பிறந்த விளையாட்டு இது. இரண்டு கேம்பாய்களை ஒரு கம்பியால் இணைத்து, நீ பிடித்ததை நான், நான் பிடித்ததை நீ என்று மாற்றிக்கொள்ளலாம். நாம் தீப்பெட்டியில் பொன்வண்டு அடைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டோமே, அதேதான்.

ஆனால் விளையாட்டைப் பற்றி உனக்கு உன் அக்கா பேரனே என்னைவிட நன்றாகச் சொல்லுவான். எனக்கு அதில் ஒரு ஆட்டமும் ஆடத் தெரியாது. நான் சொல்ல நினைப்பது அதை வைத்து இங்கே டிவியில் நடந்த கூத்தை.

நாங்கள் இங்கே வந்தது 2008. முகிலுக்கு அப்போது நான்கு வயது. அவர் வேலைக்குப் போய்விடுவார்; எனக்கும் பிள்ளைக்கும் பாஷை தெரியாது, பேச ஆளும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் டிவியைப் போட்டால் வீடு கலகலப்பாகிவிடும். டிவி டோக்கியோ என்று ஒரு சேனல். டோக்கியோவின் பெரிய சேனல்களில் சின்னது அதுதான். நாடே அல்லோலகல்லோலப்படும்போதும் இந்தச் சேனல் மட்டும் கார்ட்டூனும் சாப்பாட்டு நிகழ்ச்சியும் போட்டுக்கொண்டிருக்கும் என்று ஊரே கேலி செய்யும். அதில்தான் 'போகிமான் சண்டே' வரும். கார்ட்டூன் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். பழைய கார்ட்டூன் துண்டு ஒன்றும் உள்ளே வந்ததுதான், ஆனால் மீதி நேரமெல்லாம் வளர்ந்த ஆட்கள்! நகைச்சுவை நடிகர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்துகொண்டு குதிக்கிறார்கள், கத்துகிறார்கள், சின்னப் பிள்ளைகளோடு விளையாட்டில் மோதித் தோற்கிறார்கள்.

டிம் என்று ஒரு ஜோடி, கொல்கோ மத்சுமோதோவும் ரெட் யோஷிதாவும். ஒருவர் அசட்டுத்தனமாக எதையாவது சொல்ல வேண்டும், இன்னொருவர் அந்த நொடியே மண்டையில் தட்டுவதுபோல் அதைத் திருத்த வேண்டும். இங்கே அசடுக்கு 'போக்கே', திருத்துபவருக்கு 'த்சுக்கோமி' என்று பெயர். செந்திலும் கவுண்டமணியும் என்று வைத்துக்கொள். எனக்கு அதன்பிறகு விளக்கமே தேவைப்படவில்லை. கொல்கோவுக்கு ஒரு தனி வித்தை உண்டு. ஒற்றைக் காலில் நின்று கைகளை விரித்து, தன் உடம்பாலேயே 'உயிர்' என்று பொருள் தரும் கஞ்சி எழுத்தை, அதாவது சீனாவிலிருந்து வந்த சொல்லெழுத்தை, எழுதிக் காட்டுவார். முகில் கூடத்தில் அதைச் செய்துபார்த்து விழுந்து எழுவான். கீழ்வீட்டுப் பாட்டி மேலே வந்து, மிக மரியாதையாக, "பிள்ளை உற்சாகமாக இருக்கிறான் போல" என்றார். அது பாராட்டு இல்லை என்று புரிய எனக்கு ஆறு மாதம் ஆனது.

ராபர்ட் என்று மூன்று பேர் கொண்ட குழுவும் அதில் உண்டு. 2011இல் ஜப்பான் முழுக்க நடக்கும் 'கிங் ஆஃப் கோன்ட்' என்ற குறுநாடகப் போட்டியில் அவர்கள்தான் முதல் பரிசு. அப்போது நிகழ்ச்சிக்குப் 'போகிமான் ஸ்மாஷ்' என்று பெயர் மாறியிருந்தது. நாட்டிலேயே முதல் பரிசு வாங்கிய ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பிள்ளைகள் முன்னால் வந்து அசடாகி நிற்கிறார்கள். குழந்தைகளுக்கான நிகழ்ச்சிதானே, போதும் என்று அவர்கள் அரைகுறையாகச் செய்து நான் பார்த்ததில்லை. நம் ஊரில் சில பெரிய மனிதர்கள் குழந்தையிடம் பேசினால் குரலைக் கொஞ்சலாக மாற்றிக்கொள்வார்களே, அது இங்கே கிடையாது. தோற்றால் நிஜமாகவே முகம் தொங்கிப்போகும்.

இதை விளம்பரம் என்று நீ சொல்லலாம். அவர் அப்போதிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். விளம்பரம்தான், யார் இல்லை என்றது? புது விளையாட்டு கடைக்கு வரும் சமயமாகப் பார்த்து நிகழ்ச்சியின் பெயரும் மாறும். 2010 செப்டம்பரில் 'பிளாக்', 'ஒயிட்' விளையாட்டுகள் வந்தன; அக்டோபரில் 'சண்டே' போய் 'ஸ்மாஷ்' வந்தது. 2013 அக்டோபரில் 'எக்ஸ்', 'ஒய்' வந்தன; அதே மாதம் 'ஸ்மாஷ்' போய் 'கெட் டிவி' வந்தது. இதைவிட வெளிப்படையாக யார் வியாபாரம் செய்ய முடியும்? ஆனாலும் 2010 தொடக்கத்தில் நடந்ததைச் சொன்னால் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். புதுப் பூதம் ஒன்று வரப்போகிறது என்று ஒரு கருப்பு நிழலை மட்டும் காட்டினார்கள். காது, பிடரி மயிர், நீண்ட நகம், அவ்வளவுதான். முகில் அதை அப்படியே பேப்பரில் கரிப்பென்சிலால் வரைந்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டான். அவன் ஓநாய் என்றான், நான் கழுதைப்புலி என்றேன். அலுவலகத்திலிருந்து வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் நின்று, "நரி" என்றார். கடைசியில் நரிதான். ஸோரோவார்க் என்று பெயர். உருமாறி ஏமாற்றுகிற நரி. இந்த ஊர்க் கதைகளில் நரி என்றாலே அப்படித்தான். அந்த ஒரு வாரம் எங்கள் மூன்று பேருக்கும் பேச ஒரு விஷயம் இருந்தது, வசந்தி. அந்த வருஷத்தில் அது சின்ன விஷயமில்லை.

நான் ஜப்பானிய எழுத்து கற்றது இதில்தான் என்றால் நம்புவாயா? வகுப்புக்கும் போனேன், புத்தகமும் வாங்கினேன், ஒன்றும் ஏறவில்லை. இங்கே இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் யார் என்ன சொன்னாலும் அதைத் திரையில் கலர் கலராக, கொட்டை எழுத்தில் திரும்பப் போடுவார்கள். 'டெலாப்' என்பார்கள். கோபமாகச் சொன்னால் எழுத்து நடுங்கும், அழுதால் எழுத்தும் சொட்டும். பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியாதலால் கடினமான கஞ்சி எழுத்துகளின் தலையில் குட்டி எழுத்தில் உச்சரிப்பும் இருக்கும். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒன்றே. இதைவிட நல்ல வாத்தியார் யார்? போகிமான்களின் பெயர்கள் முழுக்கக் கதகானா என்ற ஒலியெழுத்தில்தான் இருக்கும். அடிப்படை எழுத்து நாற்பத்தாறையும் அந்தப் பெயர்களை எழுத்துக்கூட்டியே தேற்றினேன்.

நான் முழுதாகப் படித்த முதல் வாக்கியமும் அங்கேதான். கார்ட்டூன் தொடங்கும்போது ஓரத்தில் வரும்: "டிவி பார்க்கும்போது அறையை வெளிச்சமாக வைத்து, தள்ளி உட்கார்ந்து பாருங்கள்." படித்துவிட்டேன் என்று கைதட்டிக்கொண்டேன். அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது. 1997 டிசம்பர் 16, போகிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறிக் கண்ணைப் பறிக்கும் ஒரு காட்சி வந்தது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் பலருக்கு வலிப்பும் மயக்கமும் வந்து, ஏறக்குறைய 680 பேரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். நான்கு மாதம் கார்ட்டூனையே நிறுத்திவைத்தார்கள். அதன்பிறகுதான் எல்லாச் சேனலிலும் இந்த எச்சரிக்கை. இதில் ஒரு பரிதாபம்: அந்தக் கதையில் வந்த போரிகான் என்ற பூதத்தை அப்புறம் கார்ட்டூன் கதைகளில் சேர்ப்பதே இல்லை. மின்னலை வெட்டியது போகிமான்களிலேயே பேர்பெற்ற பிகாசு, பழி போரிகானுக்கு. பணக்கார வீட்டுப் பிள்ளை தப்பித்துக்கொள்வது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

இப்போது நீ தமிழ் டீச்சர் என்பதால் உனக்கென்றே எடுத்துவைத்த செய்தி. இந்தப் பெயர்களுக்கெல்லாம் அர்த்தம் உண்டு. போன வாரம் பரணில் முகிலின் பழைய பெட்டியை இறக்கினேன். உள்ளே ஒரு நோட்டு. முதல் பத்தியில் அவன் கோணல்மாணலாக எழுதிய கதகானா, இரண்டாவதில் என் தமிழ் எழுத்து, மூன்றாவதில் பொருள். 'ஹிதொகாகே': 'ஹி' நெருப்பு, 'தொகாகே' பல்லி, நெருப்புப் பல்லி. 'ஃபுஷிகிதானே': அதிசய விதை என்றும் பொருள், "அதிசயமா இருக்கே" என்று வாயைப் பிளப்பதும் அதே சொல்தான். இரட்டுற மொழிதல், டீச்சரம்மா! 'கோய்கிங்' கெண்டைமீன் ராஜா, ஆனால் துள்ளுவதைத் தவிர ஒன்றும் தெரியாத ராஜா. உலகமே அறிந்த பிகாசு இருக்கிறதே, 'பிகா' என்றால் மின்னுவது, 'ச்சூ' என்பது எலி போடும் சத்தம். நம் பளபளவைத்தான் இவர்கள் பிகபிக என்கிறார்கள். அந்த நோட்டில் பிகாசுவுக்கு நேராக நான் எழுதியிருப்பது 'பளபளக் கீச்'. எனக்கே மறந்துபோயிருந்தது.

நோட்டின் பின்பக்கங்களில் வேறு எழுத்து. 2015 அக்டோபரில் தொடங்கிய 'போகிமான் நோ உச்சி அத்சுமாரு?' காலத்தது. "போகிமான் வீட்டில் கூடலாமா?" என்று அர்த்தம். பள்ளிக்கூடம் விட்டதும் இங்கே பிள்ளைகள் "இன்னைக்கு யார் வீட்ல?" என்று கேட்டுக்கொள்வார்கள், அந்தத் தொனி. சுருக்கமாகப் 'போகென்சி'. ஞாயிறு எட்டு மணி. அரங்கமும் வீட்டுக் கூடம் மாதிரியே. அங்கே ஹியதாயின் என்ற இசையமைப்பாளர் இருந்தார். கியோத்தோ பல்கலைக்கழகத்தில் படித்தவர், வைத்துக்கொண்ட பெயரோ வேறொரு வீடியோ கேமில் வரும் பனி மந்திரத்தின் பெயர். அபரேரு-குன் என்ற நகைச்சுவையாளர் இருந்தார், ரிங்கா என்ற சின்னப் பெண் இருந்தாள். அப்புறம் நகாகாவா ஷோகோ. 'சண்டே'யிலும் 'ஸ்மாஷ்'ஷிலும் இருந்தவர். பாடகி, படம் வரைபவர், போகிமான் பைத்தியம். 1998இல் வந்த முதல் போகிமான் படத்தின் முடிவுப் பாட்டைப் பாடியவர் கொபயாஷி சச்சிகோ என்ற மூத்த பாடகி. 2019இல் அந்தக் கதையை மறுபடி எடுத்தபோது, அதே பாட்டை அவரோடு சேர்ந்து பாடியது ஷோகோ. சின்ன வயதில் கேட்ட பாட்டை, அதைப் பாடியவரின் பக்கத்திலேயே நின்று பாடுவது யாருக்குக் கிடைக்கும்? டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. முகிலுக்கு அப்போது பதினைந்து, அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் வயது. கதவைத் திறந்து வெளியே வந்து, கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனான்.

அந்த நோட்டின் பின்பக்க எழுத்து என்ன தெரியுமா? திரையில் ஒரு ரகசியச் சொல் காட்டுவார்கள். 'ஐகொதொபா' என்பார்கள். அதை விளையாட்டுக் கருவியில் தட்டினால் ஒரு பூதம் இலவசமாக வந்து சேரும். குறித்த நாள்வரைதான் செல்லும். முகில் நீச்சல் வகுப்புக்குப் போகும் ஞாயிறுகளில் எழுதிவைப்பது என் வேலை. கண்ணாடி போடாமல் ஒருமுறை ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டேன். 'ஷி'யும் 'த்சு'வும் கதகானாவில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், கோடு சாய்வதில்தான் வித்தியாசம். பூதம் வரவில்லை. பிள்ளை இரண்டு நாள் பேசவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் "அம்மா தப்பு" என்று இருக்கிறது, தமிழில். அவன் தானாகத் தமிழில் எழுதிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். நேற்று அதை போட்டோ எடுத்து அனுப்பினேன். இருபது வயது தாண்டியவன், "இன்னும் மன்னிக்கவில்லை" என்று பதில் போடுகிறான்.

போகென்சி 2022 மார்ச்சில் முடிந்தது. ஏப்ரலில் அதே நேரத்துக்குப் 'போகிமானோடு எங்கே போகலாம்' என்ற பொருளில் வேறொன்று வந்தது. வீட்டில் கூடியது போய் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். நான் இரண்டு மூன்று வாரம் பார்த்தேன். பிள்ளை பக்கத்தில் இல்லாமல் பார்க்க மனசு ஒட்டவில்லை. ஆனால் ஊர் சுற்றுவது பொருத்தம்தான். இப்போது இங்கே ஊருக்கு ஊர் சாக்கடை மூடியில்கூட போகிமான் படம். ககாவா என்ற மாநிலத்தில் 'உதோன்' என்ற தடித்த நூடுல்ஸ் பிரபலம் என்பதால், 'யாதோன்' என்ற மந்த பூதத்தை அந்த ஊருக்குத் தூதராக்கியிருக்கிறார்கள். எதுகை ஒன்றுதான் தகுதி!

உன் அக்கா பேரனுக்கு அந்த நோட்டின் நகலை அடுத்த பார்சலில் அனுப்புகிறேன். அவன் பெயர்களைப் படிக்கட்டும். சிவப்பு மைப் பக்கத்தை எடுத்துவிட்டுத்தான் அனுப்புவேன். கூடவே உனக்குத் தைலம் ஒட்டிய பிளாஸ்திரி, மூட்டுக்கு நன்றாகவே கேட்கிறது. பதிலுக்குக் காய்ந்த பிரண்டைப் பொடி கிடைத்தால் கொஞ்சம் அனுப்பு.

அன்புடன்,
கலா

பி.கு.: நோட்டில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. 'கோதாக்' என்ற வாத்து. 'கோ' என்றால் குஞ்சு, 'தாக்' ஆங்கில வாத்து. அதற்கு எப்போதும் தலைவலி, இரண்டு கையாலும் மண்டையைப் பிடித்துக்கொண்டே நிற்கும். பரீட்சைத் தாள் திருத்தும்போது நீ உட்கார்ந்திருப்பது மாதிரியே இருக்கும். தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்து எழுது.