இருக்கம் தீவில் சனி இரவு

வணக்கம் உறவுகளே. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் இருக்கம் தீவில் சனி இரவு கூடாரமடித்துத் தங்கப் போகிறோம். சனி காலை 6 மணிக்கு ஆந்திராவில் தடா ஊர்ப் பக்கம் பீமுலவாரிபாளையம் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட் போடாதவருக்குப் படகில் இடமில்லை. ஏரி ஆழமில்லையே என்பார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். எனக்கு அது மறக்கவே மாட்டேன் என்கிறது.

ஏரித் தண்ணீர் உப்பு. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் குடிநீர் கட்டாயம். கழிப்பறை கிடையாது, கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் குழி தோண்டி மூடுங்கள், மண்வெட்டி நான் கொண்டுவருகிறேன். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் கூடாரம் அடிப்போம்.

பூநாரைகள் மேயும் பக்கம் பாட்டு, டார்ச் வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டா கரைப்பக்கம் யாரும் ஒதுங்கக்கூடாது, தடைசெய்யப்பட்ட பகுதி. குப்பை முழுவதும் நம்மோடு திரும்பும்.

வருபவர்கள் வியாழனுக்குள் பெயர் போடுங்கள்.