பள்ளித் தோட்டத் திருப்பணி: நிறைவு அறிக்கையும் கணக்கும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அரசு மேல்நிலைப் பள்ளியின் வேளாண் பிரிவு மாணவர்களுக்காக நாம் எடுத்த திருப்பணி முடிந்தது. கொட்டகைச் சாவியும் மோட்டார் அறைச் சாவியும் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. 50 சென்ட் நிலத்தில் 30-க்கு 20 அடியில் ஒரு கண்காட்சிக் கொட்டகை, அதே அளவில் நிழல்வலை நாற்றங்கால், இரண்டு மண்புழு உரத் தொட்டி, சொட்டுநீர், சுற்றிலும் கம்பிவேலி. பணம் எங்கிருந்து வந்தது, எதற்குப் போனது, இனி எங்கே இடிக்கும் என்பதைக் கீழே வைக்கிறோம்.

கொட்டகை, தொட்டி, வேலி மூன்றும், பொதுமக்கள் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு தரும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் நடந்தவை. எஸ்டிமேட் 6,00,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட. பொதுமக்கள் பங்கு மூன்றில் ஒன்று என்பதால் 2,00,000 ரூபாய்க்கு டிடி எடுத்துக் கட்டினோம். நம் பங்கு பாதியை எட்டியிருந்தால் வேலையை நாமே எடுத்துச் செய்யக் கேட்டிருக்கலாம். அவ்வளவு வசூல் இல்லாததால் டெண்டருக்குப் போனது.

சொட்டுநீருக்கு மானியம் வாங்கவில்லையா என்று பலரும் கேட்டீர்கள். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்ற விவசாயிக்கு 75 சதவீதம் என்பது சரிதான். ஆனால் அதற்குச் சிட்டா, அடங்கல் (நில உரிமை, சாகுபடி ஆவணங்கள்), முழு மானியம் என்றால் சிறு குறு விவசாயி சான்றும் வேண்டும். பள்ளி நிலத்துக்கு யார் பெயரில் சிட்டா காட்டுவது? ஆகவே சொட்டுநீரும் நிழல்வலையும் முழுக்க உறுப்பினர் நன்கொடையில் செய்தவை. விவசாய இலவச மின்சாரமும் பள்ளி இணைப்புக்குக் கிடையாது. மோட்டார் ஓடும் ஒவ்வொரு யூனிட்டும் பள்ளியின் பில்லில் ஏறும்.

வசூல் 3,20,000. டிடி 2,00,000, நிழல்வலை 58,500, சொட்டுநீர் 41,000, சொட்டுநீர்த் திருத்தம் 6,800. கையிருப்பு 13,700.

அந்த 6,800 ஏன் வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது தவிர்த்திருக்கக்கூடிய செலவு. பத்தடி உயர மேடைத் தொட்டியிலிருந்தே சொட்டுநீர் ஓடிவிடும் என்று முதலில் திட்டமிட்டோம். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் (சதுர செ.மீ.க்கு) ஒரு கிலோ அழுத்தம். பத்தடி என்பது மூன்று மீட்டர், கிடைத்தது 0.3 கிலோ. நாம் போட்ட சொட்டுவான் (குழாயில் சொட்டுவிடும் முனை) மணிக்கு 4 லிட்டர் விட ஒரு கிலோ அளவுக்கு அழுத்தம் கேட்கும். முதல் நாலு வரிசை நனைந்தது, கடைசி வரிசைகள் காய்ந்தே கிடந்தன. இப்போது மோட்டாரிலிருந்து நேராக ஃபில்டருக்கு பைபாஸ் கொடுத்து, பிரஷர் மீட்டர் பொருத்தியிருக்கிறோம். அதிலும் ஒரு கணக்கு உண்டு. 1.2 மீட்டர் இடைவெளியில் லேட்டரல் (சொட்டுவான் பொருத்திய கிளைக் குழாய்), 60 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான் என்றால் மொத்தம் ஏறக்குறைய 2,800. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் மணிக்கு 11,200 லிட்டர் வேண்டும். நம் ஒன்றரை குதிரைத்திறன் மோட்டாருக்கு அது முடியாது. அதனால் நாலு வால்வு, நாலு பிரிவு, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டு வால்வைச் சேர்த்துத் திறந்தால் சீக்கிரம் முடியும் என்று நினைக்க வேண்டாம், பழைய கதைதான் திரும்ப வரும். நம் போர் தண்ணீர் உப்பு. அடைப்பு வராமலிருக்க ஃபில்டர் சல்லடையை வாரம் ஒருமுறை கழுவி, லேட்டரல் முனைகளை மாதம் ஒருமுறை திறந்து விட வேண்டும்.

மண்புழு உரத் தொட்டிகள் 10-க்கு 3 அடி, உயரம் 2 அடி. எறும்புக்கு எதிராகச் சுற்றிலும் மூன்று அங்குல நீர்க்கால்வாய் எஸ்டிமேட்டில் இல்லை, கேட்டுச் சேர்த்தோம். நீண்ட விடுமுறையில் கால்வாய் வறண்டால் எறும்பு ஏறிவிடும். சாணத்தைப் புதிதாகக் கொட்டினால் சூட்டில் புழு செத்துவிடும். 15 முதல் 20 நாள் ஆறவிட்டுப் போடுங்கள்.

நாற்றங்காலில் 98 குழித் தட்டு 60 வைக்கிறோம். தட்டுக்கு 1.2 கிலோ தென்னைநார்க் கழிவு, ஆக ஒரு தவணைக்கு 72 கிலோ. முதல் தவணையில் மிளகாய் நாற்றின் இலை ஓரம் கருகியது, நார்க் கழிவில் இருந்த உப்பே காரணம். இப்போது இரண்டு மூன்று முறை ஊறவைத்து வடித்த பிறகே தட்டில் நிரப்புகிறார்கள். விதைத்த தட்டுகளை அடுக்கி பாலித்தீன் தாளால் மூடினால் தக்காளி ஆறு நாளுக்குள் முளைக்கும். ஒரு நாள் தாமதமாகப் பிரித்தாலும் நாற்று வெளிறி நீண்டுவிடும். திங்களன்று விதைத்தால் முளைப்பு சனி, ஞாயிறில் வரும், அன்று பள்ளியில் யார் இருப்பார்? ஆகவே விதைப்பு புதன்கிழமை மட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்து, எங்களுக்கு உள்ளபடியே கவலை தருவது. அரசு நிதி சுவருக்கும் கூரைக்கும் கிடைத்தது. விதை, நார்க் கழிவு, உடைந்த தட்டு, கண்காட்சிப் பரிசு இவற்றுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி இலவசம், மாணவர்களை ஏற்றிச் செல்லும் வேன் இலவசமில்லை. வேலி போட்ட பிறகு வெறும் தரையாகக் கிடக்கும் பள்ளித் தோட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன. ஒரு தவணையில் ஐயாயிரம் நாற்று தேறினால், ஒன்று ஒரு ரூபாய்க்குப் பெற்றோர் ஆசிரியர் கழக ரசீதில் கொடுத்தாலும் அடுத்த தவணைச் செலவில் பெரும்பகுதி வந்துவிடும். வீரிய ஒட்டு விதை வாங்காமல், சொந்த விதை எடுக்க முடிந்த பி.கே.எம் 1 தக்காளியை வைத்ததும் அதற்காகத்தான்.

தைப் பொங்கலை ஒட்டிய மாணவர் கண்காட்சிக்கு ஒரு மாற்றம். பெரிய காய்க்குப் பரிசு என்றால் சந்தைக் கத்தரிக்காய் மேசைக்கு வந்துவிடுகிறது, இதை யாரும் மறுக்க மாட்டீர்கள்! இனி ஒவ்வொருவருக்கும் 10-க்கு 4 அடிப் பாத்தி. காலை 6 மணிக்கு ஆசிரியர் முன்னிலையில் பறித்து, பாத்தி எண் சீட்டுக் கட்டியதே மேசை ஏறும். மதிப்பெண்ணில் பாதி பதிவேட்டுக்கு: விதைத்த நாள், உரம், பூச்சி, பறித்த எடை.

மே மாதம் பாத்தியில் காய்கறி வேண்டாம். ஏப்ரல் கடைசி வாரம் பசுந்தாள் உரத்துக்கான சணப்பு விதைத்தால் 45 நாளில் பூக்கும், பள்ளி திறந்ததும் மடக்கி உழலாம். அதற்கும் தொட்டிக் கால்வாய்க்கும் தண்ணீர் விட வாரம் இரண்டு பேர் முறை போட்டிருக்கிறோம். மே மூன்றாவது, நான்காவது வாரத்துக்கு இன்னும் ஆள் இல்லை. பெயர் கொடுப்பவர்கள் செயலாளரிடம் சொல்லவும். ரசீதுகளும் எம்-புக் (வேலை அளவுப் பதிவேடு) நகலும் பணி நிறைவுச் சான்றும் ஞாயிறு காலை 10 முதல் 12 வரை கொட்டகையில் பார்வைக்கு இருக்கும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு