செயலாளர் ஆண்டறிக்கை 2024: ஒரே நாளில் ஆயிரம் மைல்

தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, உங்களோடு வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மோட்டார் சைக்கிள் சங்கத்தின் வழக்கமான நடவடிக்கைகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூலை மாதப் பயணத்தைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோ ஆலயத்துக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் கொடுக்கும் திட்டம் இந்த ஆண்டும் நடந்தது. அப்பா தலைக்கவசம் போட்டிருக்க, பின்னால் உட்கார்ந்த பிள்ளை வெறுந்தலையோடு வருவதைக் காலையில் பள்ளி வாசலில் நின்றால் இன்றும் பார்க்கலாம். அது மறையும்வரை இத்திட்டத்தை நிறுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. செயலவைக் கூட்டங்கள் முறையாக நடந்தன, குறிப்புகள் கோப்பில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் அயன் பட் அசோசியேஷன் என்று நெடுந்தூர மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்கான அமைப்பு ஒன்று உண்டு. ஆயிரம் மைலை 24 மணி நேரத்துக்குள் ஓடி முடித்து, அதற்கான ஆதாரங்களை அனுப்புபவர்களுக்கு அது சான்றிதழ் தருகிறது. 'சேடில்சோர் 1000' என்பது அந்தச் சவாலின் பெயர். நம் கணக்கில் 1,609 கிலோமீட்டர். இது பந்தயம் இல்லை. யார் முதலில் வந்தார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஓடியது உண்மையா, நேரத்துக்குள் முடிந்ததா, இந்த இரண்டு கேள்விதான்.

இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று சென்ற ஆண்டுக் கூட்டத்தில் இளைஞர்கள் கேட்டபோது, பின்வரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்து, "என் பிள்ளை உயிரோட வீட்டுக்கு வருவான்னு யார் எழுதித் தருவீங்க?" என்று கேட்டார். சபையே அமைதியானது. அவர் கேட்டதில் தவறே இல்லை. மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களும் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களும்தான். நம் ஊரான பீடோரில், சுற்றியுள்ள தோட்டங்களில், இப்படிப் பிள்ளையைப் பறிகொடுக்காத தெரு எது? அதனால் செயலவை உடனே தலையாட்டவில்லை. நிபந்தனைகள் போட்டோம். எந்த இடத்திலும் மணிக்கு 110க்கு மேல் போகக் கூடாது. கண் சொருகினால் அந்த இடத்திலேயே பயணம் முடிந்தது, சங்கத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. முந்தைய இரவு ஆறு மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும், அதற்கு வீட்டில் உள்ளவர்கள்தான் சாட்சி. இவற்றில் கையெழுத்துப் போட்ட மூன்று பேருக்கு அனுமதி கிடைத்தது.

வேகமாகப் போனால்தான் முடியும் என்று பலர் நினைத்திருந்தார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 1,609ஐ 24ஆல் வகுத்தால் மணிக்கு 67 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையில் நிதானமாக 100இல் ஓடினாலே 16 மணி நேரத்தில் தூரம் முடிந்துவிடும். மீதி எட்டு மணி நேரம் நம் கையில். அந்த எட்டு மணி நேரம் எங்கே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணெய் அடிக்க நிற்கிறோம், அப்புறம் ஒரு தே தாரிக் டீ, போனில் இரண்டு படம், தெரிந்தவர் ஒருவரோடு பேச்சு. பத்து நிமிடம் அரை மணி நேரமாகும். பத்துத் தடவை நின்றால் ஐந்து மணி நேரம் போயே போய்விடும். அதை ஈடுகட்டத்தான் மனிதன் முறுக்குகிறான், ஆபத்து அங்கேதான் வருகிறது. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம், அங்கே என்ன சாப்பிடுவது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எண்ணெய்த் தொட்டியின் மேல் ஒட்டிக்கொண்டார்கள்.

பாதையைத் தீர்மானிக்கத்தான் அதிக நாள் ஆனது. கிரிக்கில் இருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை வழியாகத் தீபகற்பத்தையே சுற்றி வரலாம் என்று ஒரு யோசனை இருந்தது. பார்க்க அழகான பாதை. ஆனால் இருட்டில் யானை நிற்கும் சாலை அது, வளைவும் அதிகம். ஆகவே வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையையே எடுத்துக்கொண்டோம். பீடோரில் புறப்பட்டு முதலில் தெற்கே ஜொகூர் பாரு, அங்கிருந்து திரும்பி பீடோர் வழியாகவே வடக்கே பெர்லிஸில் உள்ள பாடாங் பெசார், மறுபடி பீடோர். நெடுஞ்சாலையில் மட்டும், அதன் வட முனையான புக்கிட் காயூ ஹீத்தாம்வரை போய்த் திரும்பினால் 1,609ஐ ஒட்டித்தான் வரும். வரைபடத்தில் பத்துக் கிலோமீட்டர் குறைந்தாலும் உழைப்பு வீண். அதற்காகத்தான் சங்லூனில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி பெர்லிஸ் பக்கம் போனது. தெற்கை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கம்தான் தூரம் அதிகம், அதை உடம்பு புதிதாக இருக்கும்போதே முடித்துவிடலாம். கிள்ளான் பள்ளத்தாக்கை விடிவதற்குள் கடந்துவிடலாம்.

ஆதாரம் சேர்ப்பது நம் நாட்டில் கொஞ்சம் சிரமமானது. காரில் போகிறவர்களுக்கு டோல் பதிவே சாட்சி சொல்லிவிடும். மோட்டாருக்குத்தான் இந்த நெடுஞ்சாலையில் டோல் கிடையாதே, ஓரமாக இருக்கும் தனிப் பாதையில் நுழைந்து போய்விடுகிறோம். எனவே பெட்ரோல் நிலைய ரசீதுதான் நமக்குப் பிடி. முதல் ரசீதில் உள்ள நேரத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும், கடைசி ரசீதில் நிற்கும். திரும்பும் முனைகளிலும் ரசீது கட்டாயம், இல்லையென்றால் பாதி வழியில் திரும்பிவிடவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? ஜொகூர் பாருவில் ஒரு நிலையத்தில் ரசீது இயந்திரத்தில் தாள் தீர்ந்திருந்தது. கல்லாவில் இருந்த பெண் பொறுமையாகக் கையால் எழுதி, முத்திரை குத்தி, நேரத்தையும் குறித்துக் கொடுத்தார். அந்தத் தாளை, நிலையப் பெயர்ப்பலகையும் மோட்டாரின் கிலோமீட்டர் எண்ணும் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெயிலில் சூடேறினால் இந்த ரசீதுகள் கறுத்துப்போகும், எழுத்து மறைந்துவிடும். வாங்கிய கையோடு படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட வேண்டும். அடுத்த முறை போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

மூன்று மோட்டார்கள். ஒன்று வெர்சிஸ் 650, நம் மூத்த உறுப்பினருடையது. இரண்டாவது டோமினார் 400, அதை ஓட்டியவர் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். மூன்றாவது சாதாரண ஒய்15, கப்சாய் என்று நாம் சொல்லும் சிறிய மோட்டார். அதன் தொட்டியில் நாலு லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். மற்றவர்கள் ஒரு தடவை நிற்கும் இடத்தில் அந்தத் தம்பி இரண்டு தடவை, சில சமயம் மூன்று தடவை நிற்க வேண்டும். அவனை அனுப்பலாமா என்று செயலவையில் நீண்ட விவாதம் நடந்தது. அவனுடைய தாத்தா ஹோண்டா கப்பில் பால் வாளியைக் கட்டிக்கொண்டு விடியுமுன் மலைக்காட்டுக்கு ரப்பர் பால் வெட்டப் போனவர். நம்மில் பாதிப் பேர் அப்படிப்பட்ட மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தான். கப்சாய் முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆனால் நிபந்தனையில் தளர்வு தரவில்லை. புதுச் செயின், புது டயர், புது இன்ஜின் எண்ணெய் எல்லாம் ஒரு மாதம் முன்பே மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். கடைசி நேரத்தில் புதிதாக மாட்டுகிற எதுவும் நடுவழியில்தான் குறையைக் காட்டும்.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை முனியாண்டி கோவிலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அதிகாலை மூன்று மணிக்குத் தலைமையாசிரியர் சாட்சிக் கையெழுத்துப் போட, மூவரும் கிளம்பினார்கள். பாகோவில் விடிந்தது. மதியம் பீடோரைக் கடக்கும்போது மூவரும் தெளிவாகவே இருந்தார்கள். நெடுஞ்சாலைக்கு வெளியே நம் பெண்கள் ரசம் சாதமும் வெள்ளரிக்காயும் மட்டும் வைத்திருந்தார்கள். ஆட்டிறைச்சிப் பெரட்டல் கொண்டுவந்தவர்களிடம் அதை இரவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம். வயிறு நிறைந்தால் தூக்கம் தேடி வரும்.

உட்காரும் இடம் புண்ணாவதுதான் இந்தச் சவாலுக்கே பெயர் தந்த துன்பம். அங்கே தையல் உள்ள உள்ளாடை உரசி உரசித் தோலை எடுத்துவிடும். சைக்கிள் ஓட்டுபவர்கள் போடும் இறுக்கமான கால்சட்டை போட்டவர்களுக்கு அவ்வளவு தொல்லை இல்லை. காற்றின் இரைச்சலும் மனிதனை ஓய்த்துவிடுகிறது. காதில் பஞ்சு அடைப்பான் வைத்தபின் தலைவலி குறைந்ததாக ஆசிரியர் சொன்னார். உப்புக் கரைசல் தண்ணீரை மூவரும் மணிக்கொரு தரம் குடித்தார்கள்.

மாலையில் தைப்பிங் மழை தன் வேலையைக் காட்டியது. இடி மின்னலில் ஒரு மேம்பாலத்துக்கு அடியில், வேறு பல மோட்டார்காரர்களோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கையில் வைத்திருந்த நேரம் அங்கேதான் கை கொடுத்தது. அவசரப்பட ஒருவருக்கும் தேவையிருக்கவில்லை.

பாடாங் பெசாரில் ரசீது வாங்கித் திரும்பும்போது இரவாகிவிட்டது. குருன் ஓய்விடத்தில் நம் மூத்த உறுப்பினர் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். "தம்பி, வெள்ளைக் கோட்டு மேல ஏறிட்டேன். எப்ப ஏறினேன்னு தெரியல. நான் இதோட நிறுத்திக்கிறேன்" என்றார். ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் ஓடியிருந்தார். மூவரில் பெரிய வண்டி அவருடையது, அனுபவமும் அவருக்குத்தான் அதிகம். இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்தால் முடித்திருக்கலாம். ஆனால் கண்ணைத் திறந்தபடியே சில நொடி தூங்கிவிடுவதுதான் இரவுச் சாலையில் உயிரை எடுக்கிறது, தூங்கியதே தூங்கியவருக்குத் தெரியாது. அவருக்கு அது தெரிந்தது, தெரிந்தவுடன் நிறுத்தினார். பொருளாளரும் அவருடைய மருமகனும் ஹைலக்ஸ் பிக்கப் வண்டியில் போய் ஆளையும் வண்டியையும் ஏற்றி வந்தார்கள். இந்த ஆண்டு நம் சங்கம் செய்த மிகச் சிறந்த காரியம் எது என்று என்னைக் கேட்டால், அந்தப் போன் அழைப்பைத்தான் சொல்வேன். இதை அவருடைய அனுமதியோடுதான் இங்கே படிக்கிறேன்.

ஆசிரியர் நள்ளிரவுக்குப் பின் ஒன்றேகால் மணிக்குப் பீடோர் வந்தார். கப்சாய் தம்பி வர இரண்டேகால் ஆனது. கடைசி ரசீதை நீட்டும்போது அவன் விரல்கள் கைப்பிடியைப் பிடித்த வடிவத்திலேயே மடங்கியிருந்தன, விரிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தலைமையாசிரியர் தூங்காமல் காத்திருந்து கையெழுத்துப் போட்டார். சென்ற ஆண்டு எழுந்து கேள்வி கேட்ட அம்மா அந்தத் தம்பியின் தாயார்தான். பெட்ரோல் நிலையத்திலேயே மகனுக்குப் பெரட்டலும் சோறும் ஊட்டிவிட்டார்.

ரசீதுகள், பயணக் குறிப்பு, சாட்சிப் படிவங்கள் அனைத்தையும் சேர்த்து இருவருக்கும் விண்ணப்பம் அனுப்பிவிட்டோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம். சான்றிதழ் வந்ததும் சட்டமிட்டுத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் வைத்துக் கொடுப்பதாக உத்தேசம்.

அடுத்த ஆண்டுக்குச் செயலவை மூன்று முன்மொழிவுகளை வைக்கிறது. நெடுந்தூரப் பயணத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் முதலில் 500 கிலோமீட்டர் பகல் பயணம் ஒன்றை முடித்திருக்க வேண்டும். எல்லா உறுப்பினர்களும் முதலுதவி வகுப்பில் கலந்துகொள்ள வேண்டும், அதற்கான செலவைச் சங்கம் ஏற்கும். இந்த ஆண்டு எழுதிய நிபந்தனைகள் சங்க விதிகளின் இணைப்பாகச் சேர்க்கப்பட வேண்டும். கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் ஆண்டுக் கணக்கைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், புதிய செயலவையினர் இன்றே படிவங்களில் கையெழுத்திட்டுவிட்டுச் செல்லுங்கள்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்