ரேகன்ஸ்பர்க், நியூரம்பர்க் வார இறுதிப் பயணம்

மியூனிக் மாணவர்கள் அனைவருக்கும் வணக்கம். மே 16, 17 (சனி, ஞாயிறு) கிளம்புகிறோம். சனி காலை 7.15-க்கு மெயின் ஸ்டேஷன் தகவல் கவுன்டர் முன்னால் கூடுங்கள்.

1. டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களில் செல்லும் மாதச் சீட்டு) போதும். ஐசிஇ அதிவேக ரயிலில் அது செல்லாது, மாறி ஏறிவிடாதீர்கள். அடையாள அட்டை கட்டாயம்.
2. சனி: ரேகன்ஸ்பர்க். டான்யூப் மேல் 12-ஆம் நூற்றாண்டுக் கல்பாலத்தை நடந்தே கடப்போம். நல்ல ஷூ போடுங்கள்.
3. இரவு நியூரம்பர்க் ஹாஸ்டல்.
4. ஞாயிறு பகல் 12-க்கு ஃப்ராவன்கிர்ஹே தேவாலயக் கடிகாரத்தில் ஏழு இளவரசர் பொம்மைகள் பேரரசர் நான்காம் கார்லைச் சுற்றிவரும். 1509-இல் வைத்தது! இதைத் தவறவிடவே கூடாது; 11.45-க்கே சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள்.
5. ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். தண்ணீர், ரொட்டி சனியே வாங்கிவிடுங்கள்.

வருகிறவர்கள் புதன் இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள், ஹாஸ்டலில் படுக்கை பதிவு செய்யணும். அப்புறம், சைவம் என்றால் அதையும் சொல்லுங்கள்.