இரவில் எழுப்ப வேண்டிய கவலையும் காலை வரை காத்திருக்கும் கவலையும்

ஜெலுத்தோங், பினாங்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவுகளை அப்பாவும் நானும் சேர்ந்து கேட்டோம். தொலைபேசியில் பதில் சொல்லத் தொடங்கினால் மூத்தவள் கைப்பேசியைப் பிடுங்குகிறாள், அவளை விலக்கினால் சின்னவன் அழுகிறான். ஆகவே எழுதுவதே மேல் என்று தோன்றியது. மாப்பிள்ளையும் படிக்கட்டும். அரசாங்க கிளினிக்கில் மிசியாக, அதாவது தாதியாக, இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையிலும் உன் அம்மா என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். அந்த இருவரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவதில்லை என்பதை நீயே ஆங்காங்கே காண்பாய்.

சின்னவன் இரவில் நான்கைந்து முறை விழிப்பதையும், ஐந்து நாளாக அவனுக்கு வெளிக்குப் போகாததையும், மூத்தவள் தாஸ்காவில் (குழந்தைப் பராமரிப்பு மையத்தில்) இன்னொரு பிள்ளையைக் கடித்ததையும் நீ ஒரே பதற்றத்தோடு சொல்கிறாய். இவையெல்லாம் ஒரே எடையுள்ள கவலைகள் அல்ல. நடுநிசியில் மாப்பிள்ளையை எழுப்பிக் காரை எடுக்கச் சொல்ல வேண்டியவை சில. காலை விடிந்தபின் கிளினிக்கில் கேட்டால் போதுமானவை சில. எஞ்சியவை, பிள்ளை வளர வளரத் தாமே கழிந்துபோகிறவை. எது எந்த வகை என்பது தெரியாதபோதுதான் எல்லாமே நடுநிசிக் கவலைகளாகி விடுகின்றன.

முதலில் தூக்கம். ஏழு வாரக் குழந்தைக்கு இரவு பகல் என்ற பிரிவே இன்னும் உடலில் பதியவில்லை. இரண்டு மூன்று மாதங்களில்தான் அது மெல்லப் பதியத் தொடங்கும். அவனுடைய ஒரு தூக்கச் சுற்று ஏறத்தாழ ஐம்பது நிமிடம், அதிலும் பாதியளவு, இமைக்குள் விழி உருள, கைகால் உதற, முனகியும் சிணுங்கியும் கழிகிற மேலோட்டமான தூக்கம். அந்த முனகல் கேட்டவுடன் அவன் எழுந்துவிட்டான் என்று நினைத்து நீ தூக்கிவிடுகிறாய். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை அதனாலேயே விழித்துக்கொள்ளலாம். கொஞ்சம் பொறுத்துப் பார், பல வேளைகளில் அவனே அடுத்த சுற்றுக்குள் போய்விடுவான். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியில், மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரமும், நான்கு முதல் பதினொரு மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும், பகல் தூக்கத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். உன் கைப்பேசிச் செயலி பதின்மூன்றரை என்று காட்டியதற்காக நீ அழுதிருக்கிறாய். அவன் நன்றாகப் பால் குடிக்கிறான், நாளுக்கு ஆறு பேம்பர்சுக்குக் குறையாமல் நனைக்கிறான், கிளினிக் புத்தகத்தில் எடைக் கோடு ஏறிக்கொண்டே போகிறது. இந்த மூன்றும் சரியாக இருக்கும் பிள்ளையின் தூக்கத்தை அரை மணி நேரக் கணக்கில் அளப்பது வீண் வேலை. அந்தச் செயலியை அழித்துவிடு என்று அம்மா சொல்கிறாள்; பால் குடித்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள் என்று மிசி சொல்கிறாள்.

உன் பயத்தின் வேர் வேறிடத்தில் இருப்பதாகவும் எனக்குத் தோன்றுகிறது. 2023 முதல் தனியார் வேலையில் இருப்பவர்களுக்கும் பேறுகால விடுப்பு 98 நாளாக ஆகியிருக்கிறது. அதில் பாதி உனக்குக் கழிந்துவிட்டது. வேலைக்குத் திரும்புவதற்குள் அவன் இரவு முழுவதும் தூங்கப் பழகிவிட வேண்டும் என்று நீயே ஒரு கெடு வைத்துக்கொண்டிருக்கிறாய். அவனுக்கு அந்தக் கெடு தெரியாது. கனடாவில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளில் 38 விழுக்காட்டினர் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 விழுக்காட்டினர் அப்படியே இருந்தார்கள். அப்படி விழித்த பிள்ளைகளின் வளர்ச்சியிலோ அவர்களுடைய தாய்மாரின் மனநிலையிலோ அதனால் வேறுபாடு எதுவும் தென்படவில்லை என்பதுதான் அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி. ஆகவே பதினான்காம் வாரத்துக்குள் அவனை மாற்றும் முயற்சியை விட்டுவிட்டு, இரவை இருவரும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று மாப்பிள்ளையோடு பேசு. பின்னிரவுப் பாலுக்குப் பிறகு ஏப்பம் எடுத்துத் தோளில் போட்டுத் தூங்க வைப்பது ஒரு தகப்பனால் முடியாத காரியம் அன்று.

எங்கே தூங்குகிறான் என்பதுதான், எவ்வளவு தூங்குகிறான் என்பதைக் காட்டிலும் முக்கியம். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே எழுதப்போகிறேன், சம்பந்தியம்மா தவறாக எண்ணக் கூடாது. தட்டையான, அழுந்தாத மெத்தையில், தலையணை, பஞ்சு பொம்மை, கனமான போர்வை எதுவும் இல்லாமல், மல்லாத்தித்தான் படுக்க வைக்க வேண்டும். பகல் தூக்கத்துக்கும் அதே விதிதான். பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும் இப்படிப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் தொடங்கிய பிறகு, காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே நிகழும் சிசு மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. தலை தட்டையாகிவிடும் என்று கவிழ்த்துப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள் என்றாய். விழித்திருக்கும்போது, நீ பக்கத்தில் இருக்கையில், கவிழ்த்து விளையாட விடு. தலைக்கும் நல்லது, கழுத்துக்கும் நல்லது. தூளியும் ஸ்பிரிங் தொட்டிலும் அழுகையை அமர்த்தப் பயன்படும் என்பதை மறுக்க மாட்டேன், ஆனால் கழுத்து நிற்காத பிள்ளைக்கு அதில் முதுகு வளைந்து முகவாய் நெஞ்சில் முட்டி மூச்சுப்பாதை அடைபட இடமுண்டு. கண் செருகியதும் எடுத்து மெத்தைக்கு மாற்றிவிடு. "நாமெல்லாம் தூளியில்தானே வளர்ந்தோம்" என்று வருகிறவர்கள் சொல்வார்கள். வளர்ந்தவர்கள் மட்டும்தானே வந்து சொல்ல முடியும்?

தூளிக்கென்று சம்பந்தியம்மா பீரோவிலிருந்து தம்முடைய பழைய சேலையை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். சின்னவனுக்குச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவு என்று பிறந்தபோதே தொப்புள்கொடி இரத்தத்தில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்துருண்டை போட்டு வைத்த துணியின் வாசனையை முகர்ந்தாலே இப்படிப்பட்ட பிள்ளைகளின் சிவப்பணுக்கள் உடையக்கூடும். மஞ்சள் காமாலை ஏறி மூளையைத் தாக்கும் அளவுக்கும் போகலாம். இது ஆசைக்கும் ஆசாரத்துக்கும் இடம் தரும் விஷயமன்று. பீரோவிலிருந்து அந்துருண்டைகளை மொத்தமாக அப்புறப்படுத்துங்கள், அந்தச் சேலை அவன் பக்கத்திலேயே வர வேண்டாம். பெயர் தெரியாத மூலிகைப் பொடி, பச்சிலைச் சாறு எதுவும் அவனுக்கும் வேண்டாம், பால் கொடுக்கும் வரை உனக்கும் வேண்டாம். கச்சாங் பூத்தே என்ற கடலை வண்டியைக் கண்டால் நீ நிற்காமல் போவதில்லை என்பது எனக்குத் தெரியும்; கடலை சாப்பிடு, கச்சாங் பாராங் என்ற ஃபாவா அவரையை மட்டும் தொடாதே, அது ஜி6பிடி குறைவுக்கு ஆகாது. எந்த மருத்துவரிடம் போனாலும் வாயைத் திறந்து முதலில் சொல்ல வேண்டியது இந்த ஜி6பிடி விவரம்தான்.

மற்ற வழக்கங்களில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. வெதுவெதுப்பாகத் தேங்காய் எண்ணெய் தடவிக் குளிப்பாட்டட்டும், தாலாட்டுப் பாடட்டும், திருஷ்டி கழிக்கட்டும். நாக்கில் தேன் தடவுவது மட்டும் ஒரு வயது வரை கூடாது, அதிலுள்ள ஒருவகை நுண்ணுயிரின் விஷம் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம். கற்பூரம் கலந்த தைலத்தை நெஞ்சில் தேய்க்க வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீரும் தேவையில்லை, நம் ஊர் வெயிலிலும்கூட.

மாலையில் காரணமின்றி வீறிட்டு அழுவதைப் பற்றிக் கேட்டாய். இந்த அழுகை ஆறாம் வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்துக்குள் அடங்கிவிடும். ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் என்று அமெரிக்க மருத்துவர் வெசல் 1954-லேயே இதற்கு ஒரு வரையறை வகுத்தார். அந்த அளவுக்கு அழும் பிள்ளைகளும் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறார்கள். தோளில் போட்டு நட, விளக்கைக் குறை. ஒன்றும் பலிக்காமல் உன் கை நடுங்கும் அளவுக்குக் கோபம் வந்தால், அவனை மெத்தையில் மல்லாத்தி விட்டு வெளியே வந்து நில். பிள்ளையைக் குலுக்கிவிட மட்டும் கூடாது, அது மூளைக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கும். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, வயிறு கல்லாகி உப்பினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அது வேறு கதை, உடனே கிளம்பு. ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை என்பது அப்படிப்பட்டதன்று. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை ஆறு வாரத்துக்குப் பிறகு ஒரு வாரம்கூட இப்படி இருக்கலாம், போகும்போது இளகலாகப் போனால் போதும்.

காய்ச்சலுக்கு வருகிறேன், நடுநிசிக் கவலை என்று சொன்னேனே, அதில் முதலாவது இது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் சூடு 38 டிகிரியைத் தொட்டால், அவன் சிரித்துக்கொண்டிருந்தாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் மருந்து கொடுத்துப் பார்ப்பது கூடாது. புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதை நம்பாதே, டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வை. செந்தூலில் உன் வீட்டிலிருந்து குழந்தைகளுக்கான துங்கு அசிசா மருத்துவமனை தொலைவில் இல்லை, வழியை மாப்பிள்ளை ஒரு முறை பகலிலேயே ஓட்டிப் பார்த்து வைக்கட்டும். மூச்சு வாங்கும்போது விலா எலும்புக்கு இடையே தோல் உள்வாங்குவது, உதடு நீலம் பாரிப்பது, எழுப்ப முடியாத மயக்கம் ஆகியவற்றுக்கு எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாது, 999-ஐ அழை.

மூத்தவளுக்கு விதி கொஞ்சம் தளர்வு. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் எண்ணைவிட ஆளைப் பார்: 39 டிகிரியிலும் தண்ணீர் குடித்து விளையாடுகிற பிள்ளை, 38 டிகிரியில் துவண்டு கிடக்கும் பிள்ளையைவிட நலம். பாராசிட்டமால் சிரப்பை எடைக்குத் தக்கபடி, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு அதிகபட்சம் 15 மில்லிகிராம் கணக்கில் கொடு. கடைகளில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள புட்டியும் 250 உள்ள புட்டியும் ஒன்றுபோலவே இருக்கும், லேபிளைப் படிக்காமல் கரண்டியை நீட்டாதே. தாஸ்காவிலிருந்து அவள் கொண்டுவரக்கூடியது கை, கால், வாய்ப்புண் நோய். ஏழு முதல் பத்து நாளில் பெரும்பாலும் ஆறிவிடும், ஆனால் புண் இருக்கும்வரை அவளைத் தம்பியிடமிருந்து தள்ளி வை, தூக்கத்தில் அடிக்கடி திடுக்கிட்டாலோ நடை தள்ளாடினாலோ உடனே காட்டு. டெங்கி காலத்தில் இபுப்ரோபென் கொடுக்க வேண்டாம். மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கும்போதுதான் டெங்கியில் ஆபத்து தொடங்குகிறது, எனவே சூடு தணிந்தும் வாந்தியும் வயிற்றுவலியும் வந்தால் நிம்மதி கொள்ளாதே. ஐந்து வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வரும். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பார். கையில் இரும்புச் சாவியும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ், அதற்குள் நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி அவள் கடித்த கதை. தாஸ்கா ஆசிரியை உன்னிடம் அதைச் சொன்ன விதம் உனக்கு அவமானமாக இருந்திருக்கிறது, அதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் இரண்டரை வயதில் ஆத்திரம் வந்துவிடுகிறது, அதைச் சொல்ல வார்த்தை வருவதில்லை, பல் கைகொடுக்கிறது. அவளுக்குத் தம்பி பிறந்து ஏழு வாரமே ஆகிறது. மறுபடியும் படுக்கையை நனைப்பதும், ஊட்டிவிடச் சொல்வதும், தரையில் புரண்டு கத்துவதும் அதே கணக்கில் சேர்பவை. கடித்தால் அவளைத் திருப்பிக் கடித்துக் காட்டு என்று உனக்கு யோசனை சொன்னவர் யாராக இருந்தாலும் அதைக் கேட்காதே. "கடிக்கக் கூடாது, வலிக்கும்" என்று முகத்தைப் பார்த்துச் சுருக்கமாகச் சொல்லி, கடிபட்ட பிள்ளையை முதலில் கவனி. புரண்டு அழும்போது அடி படாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இரு, அடங்கியபின் தூக்கு, ஆனால் எதற்காக அழுதாளோ அதைக் கையில் கொடுத்துவிடாதே. தினமும் தம்பி இல்லாத கொஞ்ச நேரம் அவளுக்கென்று ஒதுக்கு. கைப்பேசியைக் காட்டி உணவு ஊட்டுவது இன்றைக்குச் சுலபமாக இருக்கும். இந்த வயதுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது என்கிறார்கள், அது ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் கரைந்துபோகும்.

உன் நாத்தனார் மகன் பத்து மாதத்தில் நடந்தான் என்ற பேச்சைக் காதில் வாங்காதே. பதினெட்டு மாதம் வரை எப்போது நடந்தாலும் இயல்புதான். சின்னவன் இப்போதுதான் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் பருவம். மூன்று மாதமாகியும் சிரிக்கவில்லையென்றால் கிளினிக்கில் சொல்லலாம், அதற்கு முன் வேண்டாம்.

உன்னைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். பிள்ளை தூங்கும்போதும் உனக்குத் தூக்கம் வரவில்லை என்று கடைசிப் பதிவில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். அழுகையும், எதிலும் பிடிப்பின்மையும், நான் இந்தப் பிள்ளைக்கு லாயக்கில்லை என்ற எண்ணமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது களைப்பு அன்று, மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு. மருந்தும் ஆலோசனையும் உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்தும் உண்டு. கிளினிக் மிசியிடம் சின்னவனின் எடையைச் சொல்வது போலவே இதையும் சொல்லிவிடு. உனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரம்கூட மறைக்காதே. மாப்பிள்ளையிடம் சொல், என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அடுத்த வாரம் சின்னவனுக்கு இரண்டு மாத ஊசி. தொண்டை அடைப்பான், தசைவிறைப்பு, கக்குவான் இருமல், போலியோ, ஹிப் என்ற நுண்ணுயிர்த் தொற்று, ஹெபடைடிஸ் பி ஆகிய ஆறுக்கும் ஒரே ஊசியில் போடுவார்கள். காய்ச்சலோ தொடையில் வீக்கமோ வரலாம். ஊசியால் வந்த சூடுதானே என்று விட்டுவிடாமல், 38-ஐத் தொட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஊசி போடும் மிசியிடமே அங்கேயே கேட்டுக்கொள். முந்தின நாளே பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் இரயிலில் நான் வந்துவிடுகிறேன், மூத்தவளை நான் பார்த்துக்கொள்கிறேன். கிளினிக் புத்தகத்தை மறக்காமல் பையில் எடுத்து வை.

அன்புடன்,
அம்மா